பட்டியலில் இல்லாத தாய்மாமன்

சின்னமனூரில் சொட்டுநீர்க் குழாய்க் கடை வைத்திருக்கும் சுருளிராஜனுக்குப் போன டிசம்பரில் ஒருநாள் பேச்சு நின்றுபோனது. நோய்நொடி ஒன்றும் இல்லை. நல்ல உச்சிப்பொழுதில், நடுக்கடலில், ஒரு கப்பலின் பதினோராம் மாடியில், பிள்ளைகளை விளையாட விட்டுப்போகிற கிட்ஸ் கிளப் வாசலில் வைத்து நின்றுபோனது. அவரை அறிந்த யாரிடமாவது இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் இறங்கும் ஊர் வருவதற்குள், அவர் தோட்டத்துக்கு எத்தனை மீட்டர் குழாய் வேண்டும் என்று சொல்லிமுடித்துவிடும் வாய் அது.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள். ஓடைப்பட்டிப் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களில் மருந்தடிக்கும் பம்பு பழுதானால் சைக்கிளில் போய்ச் சரிசெய்து கொடுத்துக்கொண்டிருந்த பையன், இன்றைக்குக் கடைக்கு முதலாளி. நாற்பத்தாறு வயது. பெண்சாதி மலையம்மாள், அத்தை மகள். ஒரே மகன் அருண்பாண்டி, பிளஸ் டூ படிக்கிறான். இவ்வளவும் ஊரில் பத்துப் பேருக்கு இருப்பதுதான். சுருளிராஜனுக்கு என்று தனியாக ஒரு பெருமை உண்டு. அவர் தாய்மாமன்.

அட, எல்லாருந்தான் யாருக்காவது மாமன் என்பீர்கள். இவர் அப்படி இல்லை. தங்கச்சி பவானியைப் பழனிசெட்டிபட்டியில் கட்டிக் கொடுத்திருந்தார். அவள் மகள் யுவராணி பிறந்த அன்றைக்குக் கடையைச் சாத்திவிட்டு ஓடினவர்தான், பிறகு அந்தப் பிள்ளையின் ஒரு காரியத்தையும் விட்டதில்லை. வீரபாண்டியில் மொட்டை போட்டதும் காது குத்தியதும் அவர் மடியில். டெங்குக் காய்ச்சலில் பிள்ளை கண் சொருகினபோது, தகப்பன் சுரேஷ்கண்ணன் வெளியூரில் வேலையாக இருக்க, தோளில் போட்டுக்கொண்டு தேனி ஆஸ்பத்திரிக்கு ஓடியது அவர்தான். பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் அவர் வண்டிச் சத்தம் கேட்டாலே கேட்டைத் திறந்துவிடுவார். யாரு, எவரு என்று ஒருத்தரும் அவரைக் கேட்டதில்லை.

போன ஆனியில் யுவராணி பெரிய மனுஷியானாள். பன்னிரண்டு வயது. மாமன் சீர் என்றால் அப்படி ஒரு சீரைப் பழனிசெட்டிபட்டி பார்த்ததில்லை. நூற்றொரு தட்டு, செண்டை மேளம், வாணவேடிக்கை. அதோடு விட்டாரா? பள்ளிக்கூடத்து வளைவில் இருபதடி ஃபிளெக்ஸ் போர்டு. பட்டுச்சேலையும் மாலையுமாக ஒரு பக்கம் யுவராணி, மறுபக்கம் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு அருண்பாண்டி. அவன் படத்துக்குக் கீழே முழ உயர எழுத்தில் ‘முறைமாப்பிள்ளை’ என்று போட்டிருந்தது. நம் பக்கத்தில் எல்லாரும் போடுவதுதானே, என்ன தப்பு என்பீர்கள். சுருளிராஜனும் அப்படித்தான் நினைத்தார். படிப்பு முடிந்ததும் யுவராணி தன் வீட்டுக்கு மருமகளாக வருவாள் என்பது அவருக்கு சூரியன் உதிப்பது மாதிரி நிச்சயம்.

இந்த நேரத்தில்தான் குழாய்க் கம்பெனிக்காரர்கள் நன்றாக வியாபாரம் செய்த டீலர்களைக் குடும்பத்தோடு கப்பலில் கூட்டிப்போனார்கள். கொச்சியில் ஏறி, லட்சத்தீவுப் பக்கம் சுற்றி, மூன்று இரவு கழித்துக் கொச்சியிலேயே இறங்குவது. ஆளுக்கு நான்கு இடம். அருண்பாண்டிக்கு அரையாண்டு லீவிலும் ஸ்பெஷல் கிளாஸ்; அவன் வர முடியாது. “அப்ப எந்தங்கச்சியும் மருமகளும் வரட்டும்” என்று சொல்லி, சுருளிராஜனும் மலையம்மாளும் பவானியும் யுவராணியுமாகக் குமுளி வழியாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

கப்பலைப் பார்த்ததுமே அவருக்கு முதல் அதிர்ச்சி. கப்பல் என்றால் கப்பல் மாதிரி இருக்கவேண்டாமா? உள்ளே லிஃப்ட் ஓடுகிறது, கடைத்தெரு இருக்கிறது, மொட்டை மாடியில் நீச்சல் குளம். சுற்றிலும் இத்தனை தண்ணீர் கிடக்க இதில் எதற்குத் தனியாக ஒரு தொட்டி என்று அவர் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

இரண்டாவது அதிர்ச்சி கிட்ஸ் கிளப். காலையில் தாய்தகப்பன்மார் பிள்ளைகளைக் கொண்டுவந்து அங்கே விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விடுகிறார்கள்! சின்னதுகளுக்கு ஒரு அறை, ஒன்பது முதல் பன்னிரண்டு வயது வரைக்கும் ஒரு அறை, அதற்கு மேலே வளர்ந்ததுகளுக்குத் தனியாக ஒன்று. பீட்சா போடச் சொல்லிக்கொடுக்கிறார்கள், முகத்தில் புலி வரைந்துவிடுகிறார்கள், கப்பல் முழுக்க ஓடிப் புதையல் தேடச் சொல்கிறார்கள். பிள்ளையின் கையில் ஒரு கலர்ப் பட்டை. யார் என்றே தெரியாத ஆட்கள் கையில் பெற்ற பிள்ளையை ஒப்படைத்துவிட்டு எப்படி இவர்களுக்குச் சோறு இறங்குகிறது என்று மலையம்மாளிடம் கேட்டுக் கேட்டு மாய்ந்துபோனார். மலையம்மாள் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தாள். “புள்ளைக சந்தோசமாத்தேன இருக்குதுக” என்றாள்.

முதல் நாள் சாயங்காலம் பவானிதான் யுவராணியைக் கூட்டிப்போய்ப் பதிவு செய்துவிட்டு வந்தாள். அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் ஈரோட்டு டீலர், ஒட்டன்சத்திரத்து டீலர் எல்லாரும் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். சுருளிராஜன் யுவராணியின் தலையில் கைவைத்து, “இது எந்தங்கச்சி மக. எம்மகனுக்குப் பேசி வச்சிருக்கு” என்று சொல்லி, போனை எடுத்து போர்டு படத்தை மேசை முழுக்கச் சுற்றவிட்டார். ஈரோட்டுக்காரர் பெண்சாதி, “மாப்பிள்ளை கண்ணாடியெல்லாம் போட்டு ஜோரா இருக்காரு” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். யுவராணி தட்டைப் பார்த்தபடி சப்பாத்தியைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு வெட்கம் என்று சுருளிராஜன் பூரித்துப்போனார்.

மறுநாள் காலையிலிருந்தே பவானிக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு படுத்தவள் எழவில்லை. மலையம்மாள் துணைக்கு இருந்தாள். மணி பன்னிரண்டரை ஆயிற்று. “நீங்க ரெண்டு பேரும் இருங்க. நான் போய்ப் புள்ளையச் சாப்பிடக் கூட்டியாறேன்” என்று சுருளிராஜன் கிளம்பினார். மலையம்மாள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அவர் அதற்குள் லிஃப்டுக்குப் போய்விட்டார்.

கிளப் வாசலுக்குப் பக்கத்தில் பாதி உயரக் கதவு ஒன்று. அதற்கு அந்தப் பக்கம் கண்ணாடிச் சுவர். கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். சுவரில் கலர் கலராகக் கல் பதித்து ஏறுகிற மாதிரி ஒரு உயரமான பலகை. அதில் தலையில் தொப்பி, இடுப்பில் வார்க்கயிறு கட்டிக்கொண்டு, பல்லியாக ஒட்டி ஏறிக்கொண்டிருப்பது யுவராணி. கீழே ஏழெட்டுப் பிள்ளைகள் இங்கிலீஷிலும் இந்தியிலும் அவள் பேரைச் சொல்லிக் கத்துகின்றன. உச்சியில் தொங்கிய மணியை அடித்துவிட்டு அவள் போட்ட கூச்சலைச் சுருளிராஜன் இதுவரைக்கும் அவள் வாயிலிருந்து கேட்டதில்லை. ஐயய்யோ, பெரிய மனுஷியான பிள்ளை, விழுந்து கையைக் காலை முறித்துக்கொண்டால் யார் பதில் சொல்வது?

மேசைக்குப் பின்னால் மஞ்சள் பனியன் போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சுருளிராஜன் தன்னிடம் இருந்த இங்கிலீஷை எல்லாம் திரட்டினார். “மேடம், யுவராணி, மை சிஸ்டர் டாட்டர். லஞ்ச் டைம். சென்ட்.”

அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்துச் சிரித்தாள். “அண்ணே, தமிழ்லயே சொல்லுங்கண்ணே. நான் ராயப்பன்பட்டிதேன். அனிதா மேரி.”

சுருளிராஜனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ராயப்பன்பட்டி! சின்னமனூரிலிருந்து கூப்பிடு தூரம். உங்கள் தெரு எது, அய்யா பேர் என்ன, உங்கள் தோட்டத்துக்குக் குழாய் யார் போட்டது என்று இரண்டு நிமிஷத்தில் எல்லாம் விசாரித்துவிட்டார். அந்தப் பெண்ணின் தகப்பனார் பள்ளிக்கூட வாத்தியார், இவள் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் படிப்புப் படித்துவிட்டு நான்கு வருஷமாகக் கப்பலில் இருக்கிறாள் என்பது வரைக்கும் வாங்கியாயிற்று.

“சரி தங்கச்சி, புள்ளைய வரச் சொல்லு.”

“முடியாதுண்ணே. உங்க பேரு பட்டியல்ல இல்ல.”

“என்னது?”

“அம்மா பேரு பவானி, அத்தை பேரு மலையம்மாள். இந்த ரெண்டு பேருதேன் எழுதியிருக்கு. இவுக வந்து கையெழுத்துப் போட்டாத்தேன் அனுப்புவோம்.”

சுருளிராஜன் சிரித்துவிட்டார். எழுதும்போது பவானி மறந்திருப்பாள். “ஏத்தா, நான் தாய்மாமன்! அந்த மலையம்மாளுக்கே நான்தேன் புருஷன். நம்ம பக்கத்துப் புள்ள நீ, தாய்மாமன்னா என்னன்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும்ணே. எனக்கும் மாமன்மாரு இருக்காக. ஆனா ரூல்சு இதேன்.”

ஊர்க்காரி சொல்கிற பேச்சா இது? அத்தாட்சி வேண்டுமென்றால் இந்தா பார் என்று போனை எடுத்தார். போர்டு படம், சீர்த்தட்டுப் படம், பந்தலில் யுவராணிக்கு அவர் மாலை போடுகிற படம். “பாத்தியா? இவன் எம்மகன். எழுதியிருக்கிறதப் படி. எங்க வீட்டுக்கு வரப்போற புள்ள. இனிமே யாரு உத்தரவு வேணும் எனக்கு?”

அனிதா மேரி படத்தைப் பார்த்தாள். சட்டென்று பார்த்துவிட்டுக் கொடுக்கவில்லை. ரொம்ப நேரம் பார்த்தாள். முகத்தில் இருந்த ஊர்ச்சிரிப்பு போய்விட்டது. போனை அவர் கையில் கொடுத்துவிட்டு, “பாப்பாகிட்டக் கேட்டுட்டு வர்றேண்ணே” என்று எழுந்து போனாள். பிள்ளையிடம் கேட்பதா? எதைக் கேட்பது? தாய்மாமன் கூப்பிட்டால் பிள்ளையிடம் அபிப்பிராயம் கேட்கிற கூத்தை அவர் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

திரும்பி வந்தவள் மெதுவாகச் சொன்னாள். “வரலைங்குதுண்ணே. மாமா கூட அனுப்பாதீகன்னு சொல்லுது.”

சுருளிராஜனின் சத்தம் அந்த மாடி முழுக்கக் கேட்டது. “எம்புள்ளைய என்ன சொல்லிக் கெடுத்து வச்சிருக்கீக? ரெண்டு நாளையில எம்மருமகளையே எனக்கு ஆகாம ஆக்கிட்டீகளா? கூப்பிடு அவள!” நீச்சல் குளத்துக்குப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அனிதா மேரி மேசையில் இருந்த வாக்கிடாக்கியில் கையை வைத்தாள். அப்போதுதான் பாதிக்கதவுக்கு அந்தப் பக்கம் யுவராணி வந்து நின்றாள். தலைத்தொப்பியைக் கழற்றவில்லை. முகமெல்லாம் வியர்வை.

“அக்காவ ஏசாதீக மாமா. நான்தேன் அம்மா பேரும் அத்தை பேரும் மட்டும் சொன்னேன். யாரெல்லாம் உன்னையக் கூட்டிட்டுப் போகலாம்னு அக்கா என்னையப் பாத்துதேன் கேட்டாக.”

“ஏன் ஆத்தா? மாமன் உனக்கு என்ன கொற வச்சேன்?”

“ஒரு கொறையும் இல்ல. நீங்க வந்தா சொல்லுவீக.”

“என்னத்தச் சொல்லுவேன்?”

“நேத்துச் சாப்பிடுற எடத்துல சொன்னீகள்ல, அத. போட்டோவக் காட்டுவீக. இங்கன யாருக்கும் அது தெரியாது மாமா. இந்த மூணு நாளும் நான் சும்மா யுவராணி.” அவள் நிறுத்தவில்லை. “ஸ்கூல் வளைவுல அந்த போர்டு இருபது நாளு நின்னுச்சு. பயலுக எல்லாம் அருண்பாண்டி பொண்டாட்டின்னே கூப்பிட்டாய்ங்க. பிள்ளைகளும் சிரிச்சாளுக. நான் கபடி டீம விட்டு நின்னேன். ஏன் நின்னேன்னு நீங்க கேக்கல.”

கேட்கவில்லைதான். கபடியை விட்டாள் என்று பவானி சொன்னபோது, வயசுக்கு வந்ததும் பிள்ளைக்கு அடக்கம் வந்துவிட்டது என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டவர் அவர். வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மறுபடி திறந்தார். காற்றுதான் வந்தது. தான் தூக்கி வளர்த்த பிள்ளை, தன் மடியில் காது குத்திக்கொண்ட பிள்ளை, தன்னை வேண்டாம் என்று ஒரு தாளில் எழுதிக்கொடுத்திருக்கிறது. இருபதடி போர்டைப் பிள்ளைக்குக் கொடுத்த மரியாதை என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தார்! அனிதா மேரி நாற்காலியை இழுத்துப் போட்டு, “உக்காருங்கண்ணே, தண்ணி தரட்டுமா?” என்றாள். அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் திரும்பி நடந்தார். லிஃப்ட் இருப்பது மறந்துபோய், கீழே அறை வரைக்கும் நான்கு மாடியும் படியிலேயே இறங்கினார்.

அறைக்குள் போனதும்தான் குரல் திரும்பியது. நடந்ததைக் கொட்டினார். “எந்தங்கச்சியே எம்பேர எழுதல! ஊர்ல போய் எப்பிடி மூஞ்சிய வச்சுக்கிட்டுத் திரிவேன்?”

பவானி கண்ணைத் திறக்காமலே சொன்னாள். “எனக்கும் நேத்துச் சொன்னப்பத்தேன் தெரியும்ணே. உங்க பேர விட எனக்கும் மனசு வரல. ஆனா ஆறு மாசத்துல அவ தைரியமா வாயத் தொறந்து சொன்னது அது ஒண்ணுதேன். நான் எப்பிடி மாட்டேங்கிறது?”

மலையம்மாள் செருப்பை மாட்டினாள். “புள்ள பசியோட இருக்கும். நான் போய்க் கூட்டியாறேன்” என்று கிளம்பினாள். சுருளிராஜன் அவள் பின்னாலேயே போனார். பாதி வழியில், கடல் தெரிகிற ஜன்னல் பக்கம் அவளை மறித்தார்.

“நீயே சொல்லு. அந்தப் புள்ள செஞ்சது சரியா?”

“சரிதேன்.”

“சரியா! அப்ப அருண்பாண்டிக்கு நான் என்ன சொல்ல?”

“அவன்கிட்ட மட்டும் கேட்டீகளா? கண்ணாடிய மாட்டிக்கிட்டு நில்லுடான்னீக, நின்னான். அம்புட்டுத்தேன். போன வாரம் எங்கிட்ட வந்து, அப்பாவ அந்தப் பேச்ச விடச்சொல்லும்மா, யுவா என்னையப் பாத்தாலே ஓடுறான்னு அழாத கொறையாச் சொல்றான். அந்தப் பேச்ச இன்னையோட விட்டுருங்க.”

மகனுமா! கடைசியாக ஒன்றுதான் மிச்சம் இருந்தது, அதையும் சொன்னார். “ஏ மலையம்மா, ஒலகத்துல இல்லாததையா நான் செஞ்சேன்? நம்ம ரெண்டு பேரும் இப்பிடித்தேன கட்டிக்கிட்டோம்? மொறதேன? நீ மாட்டேன்னா சொன்ன?”

“யாரு கேட்டாக?”

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சாம்பாரில் உப்புப் போதுமா என்று கேட்கிற குரலில்தான் சொன்னாள். “பத்தாவது பரீச்ச எழுதிட்டு வந்தேன். வாசல்ல பந்தக்கால் ஊண்டியிருந்துச்சு. யாருக்குக் கல்யாணம்னு எங்கம்மாகிட்டக் கேட்டேன். ஒனக்குத்தாண்டின்னாக.”

இருபத்திரண்டு வருஷம் ஒரு வீட்டில் குடியிருந்தவளின் வாயிலிருந்து இந்தக் கதையை அவர் கேட்டதே இல்லை. அந்தப் பந்தல்காலை ஊன்றியவர்களில் அவரும் ஒருவர். கூட்டாளிகளோடு சேர்ந்து குழி தோண்டி, சிரித்துக்கொண்டே ஊன்றினார். பள்ளிக்கூடப் பையோடு ஒரு பெண் வந்து நின்றதாக அவருக்கு ஞாபகமே இல்லை. தேடித் தேடிப் பார்த்தார். இல்லை.

“அப்ப... ஒனக்கு என்னையக் கட்டிக்க இஷ்டம் இல்லையா?”

மலையம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். சும்மா பேச்சுக்குக் கேட்கிறாரா, நிஜமாகவே கேட்கிறாரா என்று பார்க்கிற பார்வை. அவர் நிஜமாகவே கேட்டார். கேட்டபிறகுதான் அவருக்குப் பயம் பிடித்தது. இத்தனை வருஷத்தில் எந்தக் கேள்விக்கும் பதில் வருவதற்கு அவர் இப்படிப் பயந்ததில்லை.

“யோசிச்சுச் சொல்றேன்” என்றாள் மலையம்மாள்.

சொல்லிவிட்டு நடந்துபோய்ப் படியேறி, கிளப் மேசையில் கையெழுத்துப் போட்டாள். அனிதா மேரி பாதிக்கதவைத் திறந்துவிட, யுவராணி ஓடிவந்து அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். பலகையில் ஏறி மணியடித்த கதையைப் படிகளில் இறங்கும்போதே பாதி சொல்லியாயிற்று. ஜன்னல் பக்கம் வந்ததும் பேச்சை நிறுத்தினாள். மாமன் அத்தை விட்டுப்போன இடத்திலேயே நட்டுவைத்த மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

“அத்தை, மாமா ஏன் அங்கன நிக்கிறாக? எம்மேல கோவமா?”

“கோவமெல்லாம் இல்ல. எங்கிட்ட ஒரு கேள்வி கேட்டாக” என்றாள் மலையம்மாள். “பதிலுக்கு நிக்கிறாக. நீ வா, சாப்பிடப் போவோம்.”